கண்ணீர் யாருக்காக?

பாட்டைக் கேட்டுக் கண் கலங்குவது மனித இயல்பு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொள்ளும் வேளையில், ஏதோ ஓர் அறச்செயலைச் செய்து முடித்தவர்களைப்போல் நாம் மனநிறைவு அடைகிறோமே, அந்த நிறைவு நமக்கு உரியதுதானா? பிறர் துன்பத்தின் பெயரால் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெறுகிறது. அதைக் கேட்டு நம் உள்ளம் உருகுகிறது. உருகிய உள்ளம் உதவிய உள்ளம் ஆகிவிடுமா? இவ்வினாவை வெறும் சொற்போராக நிகழ்த்த நாம் விரும்பவில்லை. உலகம் நன்கறிந்த ஒரு நிகழ்ச்சியை முன்வைத்து, அதன் துணைகொண்டு ஆராய விரும்புகிறோம்.

பஞ்சமும் பாட்டும்

1985 ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 13 ஆம் நாள், சனிக்கிழமை. இலண்டன் மாநகரின் வெம்பிளி விளையாட்டரங்கில் ஏறத்தாழ 72,000 பேர் கூடியிருந்தனர். அதே நாளில், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரிலுள்ள ஜான் எப். கென்னடி விளையாட்டரங்கில் அதனினும் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. 'லைவ் எய்ட்' என்று பெயர் சூட்டப்பெற்ற அந்த இசை நிகழ்ச்சி, செயற்கைக்கோள்களின் வழியே நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு நேரடியாக ஒளிபரப்பாயிற்று. தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் அமர்ந்து அதைக் கண்டவர்களின் தொகை நூறு கோடியைத் தாண்டும் என்று அந்நாளில் மதிப்பிட்டார்கள். எத்தியோப்பிய நாட்டின் பஞ்சத்திற்கு நிதி திரட்டுவதே அதன் நோக்கம்.

அந்தப் பஞ்சத்தை உலகின் கண்முன் கொண்டுவந்து நிறுத்தியதும் ஒரு தொலைக்காட்சிப் படமே. 1984 ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், பி.பி.சி. செய்தியாளர் மைக்கேல் பியூர்க் வட எத்தியோப்பியாவின் கோரம் என்னும் ஊருக்குச் சென்றார். அவருடன் சென்று படம் பிடித்தவர் முகமது அமீன். நைரோபியில் பிறந்த ஒளிப்பதிவாளர். கோரத்தின் முகாமில், விடியற்காலைக் குளிரில், உணவுக்காகக் காத்துக் காத்து உயிர்விட்டுக்கொண்டிருந்த மக்களை அவர் தம் கருவியில் பதிவு செய்தார். அமீன் பிற்காலத்தில், 1991 இல், அதே எத்தியோப்பியாவின் தலைநகரில் நிகழ்ந்த வெடிவிபத்தொன்றில் ஒரு கையை இழந்தார். ஆயினும் தொழிலை விடவில்லை. 1996 இல், கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானமொன்று கொமோரோஸ் தீவருகே கடலில் விழுந்தபோது அதிலிருந்த அவரும் மாண்டார். பாடகர்களை அறிந்த உலகம் இவர் பெயரை அவ்வளவாக அறியாது.

அமீன் எடுத்த படத்தைத் தொலைக்காட்சியில் கண்டவர்களுள் ஒருவர் அயர்லாந்துப் பாடகர் பாப் கெல்டாப். அவர் மிட்ஜ் யூர் என்னும் இசைக்கலைஞரோடு சேர்ந்து, அந்த ஆண்டின் இறுதியிலேயே பல பாடகர்களைக் கூட்டி ஓர் இசைத்தட்டை வெளியிட்டு நிதி திரட்டினார். அதன் தொடர்ச்சியாக வந்ததே 'லைவ் எய்ட்'.

இருபத்தொரு நிமிடங்கள்

அன்று மாலை 6.41 மணிக்கு 'குவீன்' என்னும் இசைக்குழு வெம்பிளி மேடைக்கு வந்தது. குழுவின் பாடகர் பிரெடி மெர்க்குரி. இயற்பெயர் பரூக் புல்சாரா. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மராட்டிய மாநிலத்துப் பஞ்ச்கனியில் பள்ளிக்கல்வி பெற்றவர். வெள்ளை நிற மேற்சட்டையும் பாதியளவே உள்ள ஒலிவாங்கித் தடியுமாக அவர் மேடையில் நின்ற காட்சி, இன்று உலகெங்கும் சுவரொட்டிகளில் காணப்படுகிறது.

ஒவ்வொரு குழுவுக்கும் ஏறத்தாழ இருபது நிமிடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. பிறர் தங்கள் புதிய பாடல்களையும் பாட எண்ணியிருக்க, குவீன் குழுவினர் மக்கள் நன்கறிந்த தங்கள் பாடல்களைச் சுருக்கிக் கோத்து, ஒரு நொடியும் வீணாகாதபடி முன்கூட்டியே பயிற்சி செய்து வந்திருந்தனர். ஒரு பாடலின்போது அரங்கிலிருந்த அத்தனை பேரும் தலைக்கு மேலே கைகளை உயர்த்தி ஒரே தாளத்தில் தட்டினார்கள். மற்றோர் இடத்தில், மெர்க்குரி சொற்களே இல்லாத ஒலிகளை நீட்டி முழங்க, கூட்டம் அதைத் திருப்பி முழங்கிற்று. ஒரு தனிமனிதனின் குரலுக்கு எழுபதாயிரம் குரல்கள் மறுமொழி கூறின. இருபத்தொரு நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டன.

அங்கிருந்தவர்களும் வீட்டிலிருந்து கண்டவர்களும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பேசும்போது குரல் தழுதழுக்கிறது, மயிர்க்கூச்செறிந்ததைச் சொல்கிறார்கள், அழுததைச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 2005 ஆம் ஆண்டு இசைத்துறையினரிடையே நடந்த ஒரு வாக்கெடுப்பு, மேடைகளில் நிகழ்ந்த ராக் இசை நிகழ்ச்சிகள் யாவற்றிலும் அதுவே தலைசிறந்தது என்று முடிவு கூறிற்று. அந்நாளில் பிறந்தே இராத பிள்ளைகளும் இன்று அதன் ஒளிப்பதிவைக் கண்டு உருகுகிறார்கள்.

இத்தனையும் மெய். ஆனால் இந்த நினைவுகளை ஊன்றிக் கேட்போமாயின், ஒரு செய்தி நம் கவனத்திற்கு வரும். அவற்றுள் கோரம் இல்லை. பஞ்சம் இல்லை. பசித்த குழந்தை இல்லை.

இரு தரப்பு வாதம்

இதைக் கண்டு சினங்கொள்வோர் உண்டு. "பிறருடைய பசியைத் திருவிழாவாக்கிக் கொண்டாடினீர்கள், மாண்டவர்களை மறந்தீர்கள், ஆடியவரை மட்டும் நினைவில் வைத்தீர்கள். இதற்கு அறம் என்று பெயரா?" என்று அவர்கள் கேட்பார்கள்.

இரசிகர்களின் பக்கத்தில் நின்று பேசுவோரும் உண்டு. "பாட்டு இல்லையேல் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையேல் நிதி இல்லை. அன்று திரண்ட பல கோடிப் பவுன்கள் தானியமாகவும் மருந்தாகவும் வாகனங்களாகவும் சென்றன. உயிர் பிழைத்தவன், கொடுத்தவனின் நினைவில் தான் இருக்கிறேனா என்று ஆராய்ந்துகொண்டா உணவை உண்பான்?" என்பது அவர்கள் வாதம்.

இரண்டையும் எளிதில் தள்ளிவிட இயலாது. பின்னவர் கூற்றில் பேருண்மை உண்டு. பசித்தவனுக்கு வேண்டியது உணவே. நம் கண்ணீர் அவனுக்கு எதற்கு? கொடுத்தவனின் உள்ளம் எத்தகையதாயினும், கொடுத்த ரொட்டி ரொட்டிதான். ஆனால் வினா பெறுகிறவனைப் பற்றியது மட்டும் அன்று, கொடுத்தவனைப் பற்றியதுமாகும். 'நிய்யத்து' என்று நம் வீடுகளில் நாள்தோறும் வழங்கும் சொல்லின் பொருள் அங்கேதான் இருக்கிறது. செயல் ஒன்றே, அதைச் செய்தவன் எதை நாடிச் செய்தான் என்பது வேறு. எனவே, அன்று அழுத கண்கள் எதை நாடி அழுதன என்று கேட்பது வீண் ஆராய்ச்சி ஆகாது.

ஒரே மேடை, இரு பாடல்கள்

இதற்கு விடை தேடும் நமக்கு அந்த நாளே ஓர் அரிய சான்றை வைத்திருக்கிறது. பலர் அறியாத சான்று அது.

அன்றிரவு, நிகழ்ச்சி முடிவுறும் வேளையில், மெர்க்குரி மீண்டும் அதே மேடைக்கு வந்தார். உடன் வந்தவர் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே மட்டுமே. பேரொலி இல்லை, கைதட்டும் தாளம் இல்லை, ஒரு கிதாரும் ஒரு குரலுமே. அவர்கள் பாடியது உலகின் வறுமையைப் பற்றிய பாடல். நாம் உண்டாக்கிய உலகம் இதுதானா என்று கேட்கும் பாடல். கோரத்தின் செய்தி வெளியாவதற்குச் சில மாதங்கள் முன்பே அவர்கள் இயற்றி வெளியிட்டிருந்த அப்பாடல், அன்றைய நாளின் நோக்கத்திற்காகவே இயற்றியதுபோல் பொருந்திற்று.

அதே மனிதர், அதே மேடை, அதே நாள். மாலையில் பாடியவை வெற்றியையும் காதலையும் வானொலியையும் பற்றிய பாடல்கள். இரவில் பாடியதோ பசித்தவனைப் பற்றிய பாடல். மாலையை உலகம் மறக்கவில்லை. இரவை நினைவுகூர்வோர் சிலரே.

இதிலிருந்து நாம் அறிவது யாது? அன்று பெருக்கெடுத்த கண்ணீரின் ஊற்று இரக்கம் அன்று; மகிழ்ச்சி. தனித்தனியே வாழும் மனிதர் ஆயிரமாயிரம் பேர் ஒரு நொடியில் ஒரே மூச்சாகிவிட்டபோது பிறக்கும் மகிழ்ச்சி. அது இழிந்த உணர்ச்சி என்று நாம் கூறமாட்டோம். தன்னை மறந்து பிறரோடு ஒன்றாவது மனிதனுக்குக் கிடைக்கும் நற்பேறுகளில் ஒன்று. ஆயின் அதன் பெயர் ஈகை அன்று. மகிழ்ச்சிக் கண்ணீரும் இரக்கக் கண்ணீரும் ஒரே கண்ணிலிருந்துதான் வருகின்றன. இரண்டும் ஒரே உப்புத்தான். அதனாலேயே ஒன்றை மற்றொன்றாக எண்ணி நாம் ஏமாறுகிறோம்.

அழகையும் நன்மையையும் ஒன்றெனக் கொள்வதும் இவ்வகை மயக்கமே. கோரத்தின் படம் உலகை உலுக்கிய அதே 1984 அக்டோபரில், இக்குவீன் குழுவினர் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த தென்னாப்பிரிக்காவில், சன் சிட்டி என்னும் கேளிக்கை நகரில் பாடினார்கள்; அதற்காகக் கடுங்கண்டனத்திற்கும் ஆளானார்கள். இதை நாம் இங்கே குறிப்பிடுவது அவர்களைத் தூற்றுவதற்காக அன்று. நம்மை உருகவைக்கும் குரல் நமக்கு அறங்கூறும் குரலாகவும் இருந்தாக வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பதை உணர்த்துவதற்கே.

விட்டுக்கொடுத்த பாடல்

அன்றைய நாளில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. குவீன் குழுவுக்குச் சற்றுப் பின்னர் மேடையேறியவர் டேவிட் போவி. அவருக்கும் நேரம் அளவாகவே தரப்பட்டிருந்தது. பஞ்சத்தில் வாடும் குழந்தைகளைக் காட்டும் ஒரு குறும்படத்தை ஒளிபரப்ப இடம் வேண்டியிருந்தது. போவி தம் பாடல்களில் ஒன்றைக் கைவிட்டு, அந்த நிமிடங்களைப் படத்திற்கு அளித்தார். படத்தைத் தாமே அறிவித்துவிட்டு மேடையினின்று இறங்கினார். திரையில் எழக்கூட வலுவற்ற குழந்தைகள் தோன்றினர். அரங்கம் அடங்கிற்று. அதன் பின்னரே நன்கொடை பெருமளவில் உயர்ந்தது என்று அந்நாளைப் பதிவு செய்தோர் எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் 2018 இல் வெளிவந்த 'பொஹீமியன் ராப்சடி' திரைப்படத்தைக் கண்டவர்கள் வேறொன்றைக் கண்டிருப்பார்கள். மெர்க்குரி பாடப்பாடத் தொலைபேசிகள் இடைவிடாது ஒலித்து, நன்கொடை குவிவதாக அப்படம் காட்டுகிறது. படம் எடுத்தவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. நாம் எவ்வாறு நடந்திருக்க வேண்டும் என்று நம் உள்ளம் விரும்புகிறதோ அவ்வாறே படம் நமக்குக் காட்டுகிறது. நம்மை மகிழ்வித்த பாட்டே பசித்தவனையும் காத்தது என்று எண்ணுவது எவ்வளவு இன்பமாக இருக்கிறது! மெய்யாக நிகழ்ந்ததோ, ஒரு கலைஞன் பாடாமல் விட்ட பாட்டு அந்த உதவிக்கு வழிசெய்தது என்பதுதான். பாடிய பாட்டை நினைவில் வைப்பது எளிது; பாடாமல் விட்டதை நினைவில் வைப்பதற்கு முயற்சி வேண்டும்.

கணக்கும் அறிவும்

இரக்கம் என்னும் உணர்ச்சி பிறந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அத்துடன் கடமை முடிந்ததா? இல்லை.

எத்தியோப்பியாவின் பஞ்சத்திற்கு மழை பொய்த்தது ஒரு காரணமே. மெங்கிஸ்து ஹைலே மரியம் தலைமையிலிருந்த இராணுவ ஆட்சி, திக்ரே, எரித்திரியா பகுதிகளில் போர் நடத்திக்கொண்டிருந்தது. போரினால் விளைநிலமும் சந்தையும் சாலையும் அழிந்தன. பசித்த மக்களை வடக்கிலிருந்து தெற்கே கட்டாயமாகக் குடியேற்றும் வேலையும் நடந்தது. அதில் பலர் மாண்டனர். அதை வெளிப்படையாகக் கண்டித்த 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவை, 1985 ஆம் ஆண்டின் இறுதியில் அந்த அரசு நாட்டைவிட்டே வெளியேற்றியது. மேடையின் பாட்டு இவற்றையெல்லாம் சொல்ல இயலாது. அது பாட்டின் குறையும் ஆகாது. ஆனால் பாட்டினால் உள்ளம் திறந்தவன், அடுத்த நாள் காலையில் செய்தித்தாளைத் திறந்து, 'இவர்கள் ஏன் பசித்தார்கள்?' என்று தேடியிருக்க வேண்டுமல்லவா? அறிவைத் தேடாத இரக்கம் பாதி வழியில் உறங்கிவிடுகிறது.

நல்லெண்ணத்திற்குக் கணக்கும் வேண்டும். இதற்கு முற்பட்ட ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 1971 ஆகஸ்ட் முதல் நாள், வங்காளதேச அகதிகளுக்காக நியூயார்க்கின் மாடிசன் சதுக்க அரங்கில் ஒரே நாளில் இரு இசை நிகழ்ச்சிகள் நடைபெற்றன. சிதார் மேதை ரவிசங்கர் வேண்டிக்கொள்ள, ஜார்ஜ் ஹாரிசன் அதை நடத்தினார். அலி அக்பர் கானின் சரோதும் அல்லா ரக்காவின் தபேலாவும் அங்கே ஒலித்தன. நுழைவுச்சீட்டில் கிடைத்த ஏறத்தாழ 2,43,000 டாலர் யுனிசெப் நிறுவனத்திற்குச் சென்றது. ஆனால் இசைத்தட்டாலும் திரைப்படத்தாலும் வந்த பெருந்தொகை, முன்கூட்டியே ஓர் அறநிறுவனத்தின் பெயரில் ஏற்பாடு செய்யப்படாமையால், வரிச்சிக்கலில் அகப்பட்டுப் பல ஆண்டுகள் முடங்கிக்கிடந்தது. பசி ஆண்டுக்கணக்கில் காத்திருக்குமா? அந்த நல்லுள்ளங்களில் களங்கம் இல்லை. ஆனால் நல்லுள்ளம் ஒன்றே போதவில்லை. பாடுகிறவனுக்கு இணையாக ஏடெழுதுகிறவனும் வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கைதட்டுவோர் யாருமில்லை.

நம் இல்லங்களில்

வெம்பிளியில் நிகழ்ந்தது நமக்கு அயலான செய்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். இன்று ஒவ்வோர் இல்லத்திலும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சிறு திரை இருக்கிறது. அதில் நாள்தோறும் ஏதோ ஒரு நாட்டின் இடிபாடும், ஏதோ ஒரு தாயின் கதறலும், உருக்கமான பின்னணி இசையோடு வந்து சேர்கின்றன. நாம் பெருமூச்சு விடுகிறோம். உறவினருக்கு அனுப்பிவைக்கிறோம். "பார்த்தாயா? என்னால் தாங்க முடியவில்லை" என்கிறோம். பிறகு அடுத்த காட்சிக்கு நகர்கிறோம். நெகிழ்ந்தோம் என்பது உண்மை. அந்த நெகிழ்ச்சி யாரிடம் போய்ச் சேர்ந்தது?

நெகிழ்ச்சியை இகழ்ந்து, கல்நெஞ்சினராய் இருங்கள் என்று சொல்ல நாம் வரவில்லை. கண்ணீரே இல்லாத கொடை பல நேரங்களில் வாங்குபவனை அவமதிக்கும். பாட்டுக்கு உருகும் உள்ளம் வாய்த்திருப்பது நற்பேறே. அந்த உருக்கத்தை எவ்வாறு கருதுவது என்பதே கேள்வி. நாம் அதை 'அமானிதம்' என்று கருத வேண்டும் என்போம். ஒருவர் நம் கையில் ஒரு பொருளை ஒப்படைத்து, இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள் என்கிறார். அதைக் கையில் வைத்து அழகு பார்ப்பதில் தவறில்லை. நம் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் அது தவறு. கோரத்தின் பசி, அமீனின் கருவி வழியாகவும் மெர்க்குரியின் குரல் வழியாகவும் பல கோடி மக்களிடம் ஓர் உருக்கத்தை ஒப்படைத்தது. பலர் அதை உரியவரிடம் சேர்த்தார்கள், பணம் அனுப்பினார்கள். சிலர் தங்கள் வாழ்நாளையே அப்பணிக்கு அளித்தார்கள். வேறு பலர் அதை இனிய நினைவாக மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த இரசிகர்களை நாம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அவர்களுடைய நினைவு பொய்யானதன்று, குறைபட்டது. அதை நிறைவு செய்வது அரிய செயலும் அன்று. அந்த ஒளிப்பதிவை இன்று தம் மக்களுக்குக் காட்டும் தந்தையரும் தாயரும் உலகெங்கும் இருக்கிறார்கள். பாட்டு முடிந்ததும், "இத்தனை பேர் எதற்காகக் கூடினார்கள்?" என்று குழந்தை கேட்கும். கேட்காவிடினும் சொல்ல வேண்டியது பெரியவர் கடன். கோரம் என்று ஓர் ஊர் உண்டு என்று சொல்லலாம். அங்கே விடியற்காலைக் குளிரில் காத்திருந்தவர்களைச் சொல்லலாம். அவர்களைப் படம் பிடித்த முகமது அமீனைச் சொல்லலாம். ஒருவர் பாட்டை விட்டுக்கொடுத்ததையும், அதே பாடகர் இரவில் மீண்டும் வந்து பசியைப் பற்றிப் பாடியதையும் சொல்லலாம். சொல்லிய பின்னர், அக்குழந்தையின் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்து, அண்டை அயலில் இன்று அடுப்பெரியாத வீட்டில் சேர்த்துவரச் செய்யலாம்.

பாட்டுக்காகச் சிந்திய கண்ணீர் அப்போது உரியவரைப் போய்ச் சேரும். அதுவரை அது நம்மிடம் இருக்கும் கடனே ஆகும்.